உப்பை நிறுத்திய ராசா

லெனாட் எத்தனையோ வருடங்களாக ஓர் ஊருக்கு உப்பை நிறுத்தி வந்தார். நிறுத்திய பிறகு அந்த ஊர் என்ன ஆனது என்று மட்டும் அவருக்குத் தெரியாது.

இது கூத்தில் நடப்பது. குருநகரில் கோயில் திருநாளுக்கு முந்திய கிழமை, கடற்கரை வளவில் மேடை கட்டி அல்போரான் ராசா கூத்து ஆடுவார்கள். அல்போரான் பெரிய வீரன், அதைவிடப் பெரிய கோபக்காரன். அவனுடைய நாட்டில் ஒரு சின்ன ஊர், ஆண்டவருக்கு முன்னால் மட்டுமே முழங்காலில் நிற்போம் என்று சொல்லிவிடுகிறது. ராசாவுக்குக் கோபம் தலைக்கு ஏறுகிறது. வாளை உருவி மேடையை மூன்றுதரம் சுற்றிவந்து பாடுகிறான்:

கல்லுப்பு ஒருமணி போகாது – என்
காலடி பணியாத ஊருக்கு.

அத்துடன் கூத்தின் முதற்பாதி முடிகிறது. பிற்பாதியில் ராசா போரில் தோற்று அலைகிறான். இரண்டு பாதியிலும் ராசா ஒருவன்தான் என்றாலும் ஆடுகிறவர்கள் இருவர். முன் ராசா, பின் ராசா என்று சொல்வார்கள். முழுக் கூத்துக்கும் ஒருவன் தொண்டை தாங்காது என்பது கூத்தைப் பழக்குகிற செல்வரட்ணம் அண்ணாவியார் சொல்லும் காரணம். நடுவில் முன் ராசா தன் மணிமுடியைத் தானே கழற்றிப் பின் ராசாவின் தலையில் வைத்துவிட்டு உள்ளே போய்விடுவார்.

லெனாட் முன் ராசா. உள்ளே போனதும் தேங்காயெண்ணெய் பூசி முகத்தைத் துடைப்பார். கொத்துரொட்டி வரும், தேத்தண்ணி வரும், 'அண்ணை, இந்த முறை மேடை அதிர்ந்தது' என்று சொல்ல நாலு பேர் வருவார்கள். வெளியே என்ன பாடுகிறார்கள் என்று காது கொடுக்க அவருக்கு ஒரு வருடமும் நேரம் கிடைத்ததில்லை.

மேடையிலிருந்து இறங்கிய பிறகும் அவருக்கு ஓர் ஆட்சி இருந்தது. கடற்தொழிலாளர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். தெருவால் வந்தால் 'முன் ராசா வாறார்' என்று பகிடியாகச் சொல்லி எழும்புவார்கள். பகிடிதான், ஆனாலும் எழும்புவார்கள்.

லெனாட் கெட்டவர் அல்லர். இறங்குதுறைக்கு வெளிச்சம் வந்தது அவரால். கடலில் ஒருவன் காணாமற்போனால் முதல் வள்ளத்தை இறக்குகிறவரும் அவர்தான். ஆனால் பத்துப் பேர் ஒரு மனிதனைக் கண்டு எழும்பத் தொடங்கினால், பதினோராவது ஆள் ஏன் எழும்பவில்லை என்ற கேள்வி அவனுக்குள் எப்படியோ வந்து குடியேறிவிடுகிறது. அது மணிமுடி வைத்தவர்களுக்கு மட்டும் வருகிற வருத்தம் இல்லை.

அந்தப் பதினோராவது ஆள் சிமியோன். கூத்தில் பின் ராசாவும் அவன்தான்.

வெளியிலிருந்து வரும் இழுவைப்படகுகள் வலைகளை அறுத்துக்கொண்டு போவதைக் கண்டித்து, ஒருநாள் ஒருவரும் கடலுக்கு இறங்குவதில்லை என்று சங்கம் தீர்மானித்திருந்தது. அன்று காலை செய்திக்காரர்கள் கமராவுடன் கடற்கரைக்கு வந்தார்கள். லெனாட் தோய்த்து மினுக்கிய வெள்ளைச் சேட்டுடன், கடலுக்கு முதுகைக் காட்டி நின்று, "ஒரு வள்ளம்கூட இறங்கேல்லை. எங்கடை ஒற்றுமையைப் பாருங்கோ" என்றார். சொல்லி வாய் மூடவில்லை, அவருடைய வலது தோளுக்குப் பின்னால் சிமியோனின் வள்ளம் ஆடி ஆடிக் கரைக்கு வந்துகொண்டிருந்தது.

பின்னேரத்துக்குள் அந்த வீடியோ ஊரைச் சுற்றிவிட்டுக் கனடாவுக்கும் பாரிசுக்கும் போய்விட்டது. அடுத்த நாள் மருதனார்மடச் சந்தையில் மரக்கறி வாங்கப் போன இடத்தில், முன்பின் தெரியாத ஒரு வெங்காய வியாபாரி, "அண்ணை, ஒற்றுமை கரைக்கு வந்து சேர்ந்திட்டுதோ?" என்று கேட்டான். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். லெனாட் வெங்காயம் வாங்காமல் வந்துவிட்டார்.

சிமியோன் பக்கத்திலும் ஒரு நியாயம் இருந்தது. அதற்கு முதல்நாள் எஞ்சின் பழுதாகி, வலையைக் கடலில் விட்டுவிட்டு வந்தவன் அவன். இழுவைப்படகு வருகிற கடலில் வலை தனியே கிடந்தால் மறுநாள் கயிறும் மிஞ்சாது. அதனால் போய் எடுத்து வந்தான். வலையில் கிடந்த மீனை விற்கவும் இல்லை. அப்படியொரு நாளில் விற்பது சரியில்லை என்று, கரையில் நின்றவர்களுக்கு அள்ளிக் கொடுத்துவிட்டான். போக முன்னர் சங்கத்துக்கு ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொன்னால் விடமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்லாமல் போனான். அது அவன் பிழை.

சங்கத்தைக் கூட்டினார் லெனாட். எல்லாருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்கும்வரை சிமியோனுக்குச் சங்கத்தில் ஐஸ் இல்லை என்று தீர்மானம் வந்தது. கை உயர்த்தச் சொன்னபோது லெனாட் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். அவர் பார்த்தபடியால் எல்லாக் கையும் உயர்ந்தது. சிமியோன் மன்னிப்புக் கேட்க வரவில்லை.

ஐஸ் இல்லாமல் மீன் பிடிக்கிறவனுடைய நிலைமை வேறு யாருக்கும் வரக்கூடாது. வியாபாரிகள் அவனோடு பேரம் பேசத் தேவையில்லை. கையைக் கட்டிக்கொண்டு நின்றால் போதும், வெயில் மிச்ச வேலையைச் செய்துவிடும். சிமியோனின் மனைவி பெர்னடெட் சைக்கிளில் பட்டணத்தின் மறுபக்கம் போய் ஐஸ் வாங்கி, சாக்கில் சுற்றிக் கரியரில் கட்டிக்கொண்டு வருவாள். அவள் வந்து சேருமுன் அதில் பாதி தார்ரோட்டில் கோடு கீறியிருக்கும். லெனாட் இரண்டொரு தடவை அந்த ஈரக் கோட்டைத் தாண்டிப் போனார். அவள் அவரைக் கண்டால் முன்போலவே தலையசைத்துவிட்டுப் போனாள். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

இந்த நிலையில் திருநாள் நெருங்கியது. கூத்து ஒத்திகை தொடங்கவேண்டும். தண்டிக்கப்பட்டவனுடைய தலையில் தண்டித்தவர் தன் கையால் முடி வைக்கவேண்டும். எப்படி வைப்பது? வைத்தால் வெங்காயக்காரன் மட்டுமல்ல, உலகமே சிரிக்கும் என்று லெனாட்டுக்குப் பட்டது. நேரே அண்ணாவியாரிடம் போய், இந்த முறை இரண்டு ராசாவையும் தானே ஆடுவதாகச் சொன்னார்.

செல்வரட்ணம் அண்ணாவியார் வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றினார்.

"தொண்டை தாங்குமோ, லெனாட்?"

"தாங்கும்."

"தொண்டை தாங்கும்," என்று அவரும் சொன்னார். "ராசாக்கள் எல்லாருக்கும் உந்த ஆசை வாறதுதான். தமிழ் ராசாவும் போனான், பறங்கியும் ஒல்லாந்தனும் போனாங்கள், அவங்கள் எல்லாருக்கும் எங்கடை மேடையிலை நாங்கள் வைக்கிறது ஒரே முடிதான், ஒரே மட்டை, ஒரே பொன்தாள். சரி, பழகு. வெள்ளிக்கிழமை ஒத்திகையிலை பாப்பம்."

பின் ராசாவின் பாட்டு லெனாட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அவர் மனைவி ஜெனிற்றாவுக்கு எல்லாம் பாடம். ஒவ்வொரு வருடமும் சனத்தோடு மணலில் இருந்து கடைசிவரை பார்க்கிறவள் அவள்தான். மீன் வெட்டிக்கொண்டே அவள் பாட, அவர் பக்கத்தில் இருந்து திருப்பிச் சொன்னார். எஞ்சினுக்கு ஆணி பூட்டுவதுபோல வரி வரியாகப் பூட்டினார். பொருளைப் பற்றி யோசிக்கவில்லை.

நடுவில் ஜெனிற்றா பாட்டை நிறுத்திவிட்டு, ஒரு மீனைத் திருப்பிப் போட்டுக்கொண்டு, "சிமியோன் இதிலை ஒரு இழுவை இழுப்பான். உங்களுக்கு அது வராது" என்றாள்.

"அவன்ரை கதை இஞ்சை வேண்டாம்."

"அண்டைக்கு வீடியோ எடுத்த நாள், ரெண்டாம்தரம் சோறு போடச் சொல்லித் திண்டியளே ஒரு குழம்பு. அது அவன் அள்ளித் தந்த மீன்தான்."

லெனாட் அடுத்த வரியைச் சொல்லும்படி கேட்டார்.

வெள்ளிக்கிழமை வந்தது. ராசா வேடம் கட்டுகிறவர் ஒத்திகைக் காலத்தில் வெள்ளிக்கிழமைகளில் ஒருசந்தி பிடிப்பது அங்கே வழக்கம். ஒத்திகையின் முதற்பாதி முடியும்வரை தண்ணீரைத் தவிர ஒன்றும் வாயில் படக்கூடாது. கொடுங்கோலனாக நடிப்பதும் நெஞ்சில் கொஞ்சம் கறை பிடிக்கிற வேலை, அதை அன்றன்றே கழுவிவிடவேண்டும் என்று முன்னோர் நினைத்திருக்கலாம். லெனாட் இதில் ஒருநாளும் தவறியதில்லை. அன்று காலையிலிருந்து அவர் இழுவைப்படகுப் பிரச்சினைக்காக மாவட்ட அலுவலகமான கச்சேரியில் அதிகாரிகளுடன் நின்றிருந்தார். பின்னேரம் அங்கிருந்து நேரே ஒத்திகைக்கு வந்தார்.

வளவில் பெர்னடெட் நின்றாள். பிற்பாதியில் குடிசைக் கிழவி வேடம் அவளுடையது. முன்பு அதையும் ஆண்களே ஆடினார்கள். மகனுக்கு டெங்குக் காய்ச்சல் வந்து தப்பிய வருடம் அவள் நேர்த்தி வைத்துக் கேட்டபடியால் அவளுக்குக் கொடுத்தார்கள். புருசன் விலக்கப்பட்ட கூத்துக்கு அவள் வரமாட்டாள் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். சங்கச் செயலாளர் றஜிந்தன் அதை வாய்விட்டே கேட்டுவிட்டான். அவள், தான் நேர்த்திக்கு ஆடுவதாகவும், லெனாட் அண்ணைக்கு ஆடவில்லை என்றும் சொல்லிவிட்டுத் தலைத்துண்டைக் கிழவிபோலக் கட்டினாள்.

முதற்பாதியை லெனாட் வழக்கம்போல ஆடினார். உப்பை நிறுத்தினார். தெருவால் போனவர்கள் நின்று பார்த்தார்கள். பிறகு ஒருவருக்கும் முடி கொடுக்காமல், தன் முடியைத் தானே கழற்றி இடுப்பில் மறைத்துக்கொண்டு, தோற்ற ராசாவாக மறுபடி மேடைக்கு வந்தார். அங்கே என்ன நடக்கும் என்பதை அண்ணாவியார் சுருக்கமாகச் சொல்லிக் கொடுத்தார். ராசா எதிரிக்குப் பயந்து மாறுவேடத்தில் ஓடுகிறான். பசி. எந்த ஊர் என்று தெரியாமல் ஒரு குடிசைக் கதவைத் தட்டுகிறான். அது அவன் உப்பை நிறுத்திய ஊர்.

லெனாட் தட்டினார். பெர்னடெட் வந்து, ஆரென்று கேட்காமல் பாயை விரித்தாள். பிறகு ஒரு சட்டியை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்து, கிழவியின் சொல்லைச் சொன்னாள்: "குடி, மகனே. உப்பில்லை எண்டு குறை நினையாதை. எங்கடை ராசா நிப்பாட்டிப் போட்டார்."

அவர் சட்டியை வாங்கினார். ஒத்திகையில் அது வெறுஞ்சட்டியாக இருக்கும், குடிப்பதுபோலப் பாவனை செய்யவேண்டும். ஆனால் அது சூடாக இருந்தது. உள்ளே தவிட்டரிசிக் கஞ்சி, தேங்காய்ப்பால் விட்டது. அண்ணாவியார் மத்தளக்காரருக்குக் கண் காட்ட, மத்தளம் மெல்லப் பேசியது. அது முடியும்போது ராசா பாடவேண்டும். லெனாட் ஒரு வாய் குடித்தார். இன்னொரு வாய் குடித்தார். நிறுத்தினார்.

"உப்புக் கிடக்கு," என்றார்.

வளவில் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மத்தளக்காரர்கூடக் கையை எடுத்துவிட்டார். பெர்னடெட் சிரிக்கவில்லை. கிழவிக் குரலை விட்டுத் தன் சொந்தக் குரலில் சொன்னாள்:

"காலமை தொடக்கம் கச்சேரியிலை ஒருசந்தியோடை நிக்கிறியள் எண்டு ஜெனிற்றா அக்கா சொன்னவ. முதற்பாதி முடிஞ்சுதுதானே எண்டு நினைச்சன். பசிச்ச மனுசனுக்கு உப்பில்லாமல் ஆர் அண்ணை கஞ்சி காய்ச்சுறது?"

அதில் குத்தல் ஒன்றும் இல்லை. இருந்திருந்தால் லெனாட்டுக்குச் சுகமாக இருந்திருக்கும். குத்தலுக்குப் பதில் சொல்ல அவருக்குத் தெரியும். சங்கத்தில் எத்தனை குத்தலைத் தாங்கியவர். அவள் கேட்டது வெறும் கேள்வி. ஐஸ் சாக்கைக் கட்டிக்கொண்டு வெயிலில் சைக்கிள் உழக்கிய அதே பெண், அதே நாளில், அடுப்பை மூட்டி அவருக்கென்று கஞ்சி காய்ச்சி, அவருக்கென்று உப்பும் போட்டிருக்கிறாள்.

அவர் மிச்சக் கஞ்சியைக் குடித்தார். கஞ்சியை மிச்சம் விடக்கூடாது. பிறகு பாட வாயைத் திறந்தார். மனைவி சொல்லிக் கொடுத்த வரிகள் மனதில் ஒழுங்காகத்தான் வந்து நின்றன:

ஆரென்று கேளாமல் வார்த்தாயே – அம்மா
அரசென்று நானிருந்த நாளிலே
ஆரென்று கேட்டல்லோ அள்ளினேன்.

முதல் வரி பாதியில் நின்றுவிட்டது. அவ்வளவு நாளும் பூட்டிய ஆணியெல்லாம் ஒன்றாகக் கழன்றதுபோல இருந்தது. மறுபடி தொடங்கினார். மறுபடியும் அதே இடத்தில் நின்றது. சிரித்தவர்கள் சிரிப்பை விட்டுவிட்டார்கள்.

அண்ணாவியார் கிட்ட வந்தார். "தொண்டையோ?"

"இல்லை, அண்ணாவி."

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. கெட்டிக்காரர். அன்றைய ஒத்திகை போதும் என்று சொல்லிச் சனத்தை அனுப்பினார். லெனாட் சட்டியைத் தானே கழுவி, பெர்னடெட்டின் கையில் கொடுத்துவிட்டு வீட்டுக்கு நடந்தார்.

அடுத்த நாள் காலை, அவர் சங்க உறுப்பினர்களைக் கூப்பிட்டு, சிமியோனுக்கு ஐஸைத் திறந்துவிடவேண்டும் என்றார். மறுத்துப் பேசியவன் றஜிந்தன். வீடு வீடாக அலைந்து சங்கத்தை வளர்த்தவன் அவன். அவனுடைய கோபத்திலும் நியாயம் இருந்தது.

"தலைவர், அவன் இன்னும் மன்னிப்புக் கேக்கேல்லை."

"ஓம். நான்தான் கேக்கப்போறன்."

"அப்ப நாளைக்கு ஆர் எங்கடை சொல்லுக் கேப்பினம்?"

அந்தக் கேள்வி லெனாட்டையும் இரவு முழுக்கப் பிடித்து வைத்திருந்தது. ஆண்டவரிடமும் அதையே கேட்டிருந்தார். வடிவான பதில் ஒன்றும் கிடைக்கவில்லை.

"தெரியேல்லை, தம்பி," என்றார். "சில வேளை கேக்க மாட்டினம். ஆனால் ஒண்டு தெரியும். அவன் பிழை விட்டதுக்கு அவனைக் கூப்பிட்டுக் கதைச்சிருக்கலாம். நான் ஐஸை நிப்பாட்டினது சங்கத்துக்காக இல்லை. வீடியோவைப் பாத்து ஊர் சிரிச்சதுக்காக. நீங்கள் கை உயத்தினதும் சங்கத்துக்காக இல்லை. நான் பாத்தபடியால். இண்டைக்கு நான் நிலத்தைப் பாக்கிறன். விருப்பமானவை உயத்துங்கோ."

சொன்னபடியே குனிந்து நிலத்தைப் பார்த்தார். எத்தனை கை உயர்ந்தது என்று அவர் எண்ணவில்லை. போதுமான அளவு உயர்ந்தது என்று றஜிந்தன்தான் சொன்னான். அவன் கை உயர்த்தவில்லை என்பதையும் அவனே சொன்னான். லெனாட் அவன் தோளில் தட்டிவிட்டு வெளியே வந்தார்.

சிமியோன் வீட்டுக்குப் பின்னால், பூவரச மர நிழலில், வலையைக் கால்விரலில் மாட்டி இழுத்துக் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தான். லெனாட் வந்ததைக் கண்டும் எழும்பவில்லை. லெனாட் நின்று பார்த்தார். பிறகு, எழும்பினால் மட்டும் என்ன என்று நினைத்தாரோ என்னவோ, தானே மணலில் அவனுக்கு எதிரே இருந்துகொண்டார்.

"ஐஸ் திறந்தாச்சு," என்றார்.

"நாளைக்கு ஞாயிறு. நான் இறங்கேல்லை."

"திங்கள்."

"திங்கள் பாப்பம்."

ஊசி வலையின் இரண்டு கண் ஏறி இறங்கியது. நேற்று மேடையில் நின்றுபோன வரிகூட லெனாட்டுக்கு இவ்வளவு கஷ்டமாக இருக்கவில்லை.

"நான் செய்தது பிழை, சிமியோன். உன்ரை மனுசியை வெயிலிலை அலைய விட்டுட்டன். மன்னிச்சுக்கொள்."

சிமியோன் ஊசியை வலையில் குத்தி வைத்தான். மன்னித்தேன் என்று அவன் சொல்லவில்லை. அப்படிச் சட்டென்று சொல்லிவிடக்கூடிய வாரங்களா அவை? அழுகிய மீனைக் கடலில் திரும்பக் கொட்டிய நாட்கள் அவனுக்கு நினைவிருந்தன. ஆனால் தன் பக்கத்துப் பிழையும் அவனுக்குத் தெரியும்.

"நானும் ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டுப் போயிருக்கலாம், அண்ணை," என்றான் கடைசியாக. "விட மாட்டியள் எண்டு நினைச்சன்."

"விட்டிருக்க மாட்டன்தான்," என்று லெனாட் உண்மையைச் சொன்னார்.

பின் ராசாவைத் தன்னால் ஆட முடியாது, நீ வரவேண்டும் என்று லெனாட் கேட்டுக்கொண்டார். முடியை அவனுடைய தலையில் வைக்கும்போது சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும் என்றும் சொன்னார். சிமியோன் வேறு ஏதோ யோசித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணை, நேத்து அவ கஞ்சியிலை உப்புப் போட்டவவோ?"

"ஓம்."

"சட்டியிலை உண்மையாய்க் கஞ்சி இருந்ததோ?"

"இருந்தது. தேங்காய்ப்பாலும் விட்டது."

சிமியோன் வீட்டுப் பக்கம் திரும்பி, குசினிக்குள் நின்ற பெர்னடெட்டுக்குக் கேட்கும்படி, "நானும் இத்தனை வருசமாய் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை ஒருசந்தி பிடிச்சுப் பின் ராசா ஆடுறன். எனக்கு எப்பவும் வெறுஞ்சட்டிதான்," என்றான்.

உள்ளேயிருந்து பெர்னடெட்டின் குரல் வந்தது. ஊருக்கு உப்பை நிறுத்தியவருக்குத்தான் உப்பின் அருமை தெரியவேண்டும் என்றும், பேச்சை விட்டுவிட்டு இரண்டு பேரும் வந்து கையைக் கழுவட்டும் என்றும் சொன்னாள். முதலில் எழும்பியவர் லெனாட்.